மூன்று துறைகளில் சிதறும் சான்று: சூசாக் நோயைக் கண்டறிதல்

அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் சூசாக் 1979-இல் இரு பெண்களின் நோயை விவரித்தார். மூளைக் குழப்பம், விழித்திரைத் தமனிக் கிளைகளில் அடைப்பு, காது கேளாமை மூன்றும் அவர்களிடம் சேர்ந்திருந்தன. உடலின் நோயெதிர்ப்பு அணுக்களே நுண்ணிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைத் தாக்குவதால் வரும் நோய் இது. மூன்று அறிகுறிகளும் கூடும்வரை காத்திருந்து பெயர் சூட்டும் வழக்கம் நோயாளிக்குக் கேடு என்பதே என் வாதம். 304 நோயாளிகளைத் தொகுத்து 2013-இல் வெளியான ஆய்வில், தொடக்கத்திலேயே மூன்றும் முழுமையாக இருந்தவர்கள் 13 விழுக்காட்டினர்தான்.

தனித்தனியே வரும் இந்த அறிகுறிகள் வெவ்வேறு மருத்துவர்களிடம் போய்ச் சேர்கின்றன. ஆஸ்திரேலியாவில் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வாசல். பார்வையில் கருந்திட்டு விழுந்தால் கண் பரிசோதகரிடம் போகிறார்கள். காது இரைச்சலுக்கும் தலைசுற்றலுக்கும் குடும்ப மருத்துவர் (ஜி.பி.) தரும் பரிந்துரைக் கடிதத்தோடு காது மருத்துவரிடம் போனால், மெனியர் என்ற உட்காது நோய் என்று முடிவாகிவிடக்கூடும். மெல்பனின் ராயல் விக்டோரியன் கண்-காது மருத்துவமனையில் இரண்டு உறுப்புகளும் ஒரே கூரையின்கீழ் வருகின்றன. மூளைக்கோ வேறிடம் போகவேண்டும். சிட்னியிலும் கண்ணுக்கென்று மக்வாரி தெருவில் ஒரு மருத்துவமனை இருக்கிறது. சான்றுகள் மூன்று கோப்புகளில் கிடக்கின்றன. அவற்றைச் சேர்த்துச் சொல்லவேண்டிய நோயாளிக்கோ நினைவு தடுமாறுகிறது. பெரும்பாலும் இருபது முதல் நாற்பது வயதுக்குள் வரும் நோய் என்பதால், குணமாற்றத்தைப் புலம்பெயர்ந்ததால் வந்த மன அழுத்தம் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் ஒதுக்கிவிட இடமுண்டு. மொழிபெயர்ப்பாளர் இருந்தாலும் போதாது. மாற்றத்தை வீட்டில் கண்டவர் மருத்துவர் முன் உட்கார்ந்து சொல்லவேண்டும்.

சூசாக் நோயாளியின் எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் இரு பாதிகளை இணைக்கும் நரம்புப்பட்டையின் நடுவே உருண்டைத் திட்டுகள் தெரியும். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோயில் அவை பெரும்பாலும் பட்டையின் கீழ்விளிம்பை ஒட்டி இருக்கும். இவ்வேறுபாட்டைத் தவறவிட்டால் மருந்தும் தவறும்: இன்டர்ஃபெரான் பீட்டா கொடுத்தபின் சூசாக் நோய் மோசமடைந்த நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. ஃபுளோரசின் ஆஞ்சியோகிராமில், கைச் சிரையில் ஏற்றிய மஞ்சள் சாயம் விழித்திரைத் தமனியின் சுவரில் ஊறி ஒளிர்கிறது. வேறிடத்திலிருந்து வந்த இரத்தக்கட்டி பொதுவாகக் குழாய் கிளை பிரியும் இடத்தில் சிக்கும். இந்த ஒளிர்வோ கிளைகளுக்கு இடைப்பட்ட சுவரிலும் தெரியும். காதில் பெரும்பாலும் தாழ்சுருதி ஒலிகளே முதலில் போகின்றன. செவித்திறன் வரைபடமான ஆடியோகிராமின் இடப்பக்கக் கோடு சரிகிறது.

இத்தனை அரிய நோய்க்காக எல்லோருக்கும் சாயம் ஏற்றுவதா என்று கேட்கலாம். எல்லோருக்கும் வேண்டாம். நரம்புப்பட்டையின் நடுவே திட்டுள்ளவருக்கும் காரணம் புரியாமல் மூளைக் குழப்பம் வந்த இளவயதினருக்கும், கண்ணிலோ காதிலோ முறையீடு இல்லாவிட்டாலும், அதே வாரத்தில் கண் ஆஞ்சியோகிராம், ஆடியோகிராம் ஆகிய இரண்டு சோதனைகளையும் செய்யவேண்டும். 2016-இல் ஐரோப்பிய வல்லுநர்கள் வகுத்த அளவுகோல், மூன்றில் இரண்டு உறுதிப்பட்டாலே ‘பெரும்பாலும் சூசாக்காகவே இருக்கும்’ என்று கொள்ள இடம் தருகிறது. ஸ்டீராய்டும் பிற நோயெதிர்ப்பு அடக்கிகளும் தொடங்க அது போதிய ஆதாரம் என்பது என் கருத்து. போன செவித்திறன் பெரும்பாலும் திரும்புவதில்லை. 1978-இல் மெல்பனில் காது அறுவை மருத்துவர் கிரேம் கிளார்க் பொருத்திக் காட்டிய வகை உட்காதுக் கருவி (காக்ளியர் இம்ப்ளான்ட்), இந்நோயால் இரு காதும் கேளாமல் போனவர்களுக்கு இன்று உதவுகிறது. ஆனால் செத்த விழித்திரைப் பகுதிக்கு இன்னும் மாற்று இல்லை.