அடுத்தவங்க கட்டடத்தைப் பார்த்துக்கிறது ஒரு வேலையான கதை

இந்த எபிசோட் ஒரு போன் கால்ல ஆரம்பிச்சது.

காலேஜ்ல என்கூட இருந்தவன், சிவில் படிச்சவன், இப்போ ரியல் எஸ்டேட் அசெட் மேனேஜ்மென்ட்ல இருக்கான். வேலை கிடைச்சப்போ அவங்க அப்பா கேட்ட முதல் கேள்வி, "வீட்டு புரோக்கர் வேலையாப்பா?" ரெண்டு வருஷமா விளக்கிட்டு இருக்கான். கட்டடம் முதலீட்டாளர்களோடது. உள்ளே வாடகைக்கு இருக்கறது ஐடி கம்பெனிகள். யாரோட லீஸ் எப்போ முடியுது, யாரைத் தக்க வைக்கணும், எந்த வருஷம் எதுக்குச் செலவு பண்ணணும், எப்போ விற்கணும் என்று முதலாளி இடத்தில் இருந்து யோசிப்பதுதான் இவன் வேலை. குழாய் ஒழுகினா ஆள் அனுப்புறவர் ப்ராப்பர்ட்டி மேனேஜர். அந்தக் குழாயை மொத்தமா மாத்தலாமா, இன்னும் மூணு வருஷம் ஓட்டலாமா என்று கணக்குப் போடுறவர் அசெட் மேனேஜர்.

போன மாசம் ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டான். "லிஃப்ட் எல்லாம் மாத்தணும்னு நோட் எழுதிக் குடுத்தேன் மச்சான். இந்த வருஷம் வேண்டாம், ரிட்டர்ன் அடிபடும்னு ஓரமா வெச்சுட்டாங்க. நான் கட்டடத்தைப் பார்த்துக்கறேனா, எக்ஸெல் ஷீட்டைப் பார்த்துக்கறேனா?"

அவனுக்குப் பதில் சொல்லத் தெரியல. தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். போய் நின்ன இடம் 1865-ஆம் வருஷத்து லண்டன்.

பெரிய நிலச் சொத்துக்கு ஏஜென்ட், கணக்குப்பிள்ளை வைக்கிறதெல்லாம் ரொம்பப் பழைய பழக்கம். ஆனா நகரத்துல வாடகைக்கு விட்ட கட்டடங்களை நிர்வாகம் பண்றது கத்துக்கிட்டுச் செய்ய வேண்டிய ஒரு தொழில், அதுக்கு ஆட்களைப் பயிற்சி கொடுத்து உருவாக்கணும் என்று செஞ்சு காட்டினவங்களைத் தேடினா ஆக்டேவியா ஹில் கிட்ட வந்து நிற்போம். அப்போ அவங்களுக்கு 26 வயசு. என்னைவிடச் சின்னவங்க.

ஜான் ரஸ்கின் பெரிய கலை விமர்சகர். ஆக்டேவியா அவருக்காக ஓவியங்களைப் பிரதி எடுத்துக் கொடுத்துட்டு இருந்தாங்க. 1864-இல் ரஸ்கினோட அப்பா, ஷெர்ரி வியாபாரி, பெரிய சொத்தை விட்டுட்டு இறந்தார். அந்தப் பணத்தில் மேரில்போன் பகுதியில் பாரடைஸ் பிளேஸ் என்ற சந்தில் மூணு வீடுகளின் குத்தகையை 750 பவுண்டுக்கு வாங்கினார். குத்தகையில் இன்னும் 56 வருஷம் பாக்கி. பேர்தான் சொர்க்கம். சுவரில் காரை உதிருது. கூரை ஒழுகி மாடிப்படியில் வாளி வெச்சிருக்காங்க. படிக்கட்டின் கைப்பிடிக் கட்டைகளைக் குடியிருந்தவங்களே அடுப்பெரிக்க எடுத்துட்டாங்க.

ரஸ்கின் இலவசமா எதையும் தூக்கிக் கொடுக்கலை. போட்ட பணத்துக்கு வருஷம் 5 சதவீதம் திரும்ப வரணும், அப்படி வந்தாத்தான் மத்த பணக்காரங்களும் இதுல பணம் போடுவாங்க என்று சொன்னார். 5 சதவீதத்துக்கு மேல வந்தா? அது முதலாளிக்குப் போகாது. அந்த வீடுகளுக்கே திரும்பப் போகும்.

எனக்கு இந்தக் கதையில் முக்கியமாப் பட்டது இந்த உச்சவரம்புதான். லாபத்துக்கு ஒரு கோடு போட்டாச்சுன்னா மேனேஜரோட மூளை வேற மாதிரி வேலை செய்யும்.

ஆக்டேவியா ரிப்பேருக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று முதல்லயே ஒரு தொகையை ஒதுக்கிடுவாங்க. உடைச்சது, கிழிச்சது போக அந்தத் தொகையில் மிச்சம் இருந்தா, குடியிருக்கறவங்க கேக்குற வசதியைச் செஞ்சு கொடுப்பாங்க. யோசிச்சுப் பாருங்க, ஜன்னலை உடைக்காம இருந்தா அலமாரி கிடைக்கும்! எடுத்த உடனே எல்லாத்தையும் பளபளன்னு மாத்தலை. முதல்ல சாக்கடை, தண்ணி. மத்ததெல்லாம் பிறகு, மெதுவா. வேலை இல்லாத காலத்துல அங்கேயே இருக்கற ஆம்பளைங்களுக்குப் பழுது பார்க்குற வேலை. வளர்ந்த பொண்ணுங்களுக்குப் பாதையைக் கழுவுற வேலை, அதுக்குக் கூலி.

வாடகையை வாரா வாரம் நேர்ல போய் வாங்குவாங்க. வாசல்ல நிக்குற அந்த அஞ்சு நிமிஷத்துல கூரை எங்கே ஒழுகுது, யாருக்கு வேலை போச்சு எல்லாம் தெரிஞ்சிடும். வசூல் பண்ணப் போறவங்களும் பெண்கள்தான். அவங்களே ஆளைப் பிடிச்சுப் பயிற்சி கொடுத்தாங்க. 1874-இல் 15 இடங்கள், சுமார் 3,000 பேர் குடியிருந்தாங்க. 1884-இல் இங்கிலாந்து திருச்சபையின் சொத்துகளைப் பார்த்துக்கிட்ட ஆணையமே தெற்கு லண்டன் வீடுகளில் சிலதை இவங்க கையில் கொடுத்தது.

இவங்களை ஒரு புனிதவதியாக்க எனக்கு விருப்பமில்லை. வாடகை பாக்கி வெச்சா நோட்டீஸ், காலி பண்ணணும். யார் ஒழுங்கானவங்க, யார் இல்லைங்கறதையும் அவங்களே முடிவு பண்ணாங்க. ஏழைகளுக்கு நகராட்சி வீடு கட்டித் தர்றதைக் கடைசி வரை எதிர்த்தாங்க. அங்கே எனக்கு அவங்களோட உடன்பாடு இல்லை. 5 சதவீதம் போதும்னு சொல்ற பணக்காரங்க லண்டன் முழுக்க எங்கே கிடைப்பாங்க?

இன்னொரு சம்பவம், டேட்டாவோட வேலை பார்க்குற என்னை மாதிரி ஆளுங்களுக்கு. 1885-இல் லண்டன் துறைமுகம் பக்கத்தில் கேத்தரின் பில்டிங்ஸ் என்ற குடியிருப்பில் வாடகை வசூலிக்க ஒரு இளம்பெண் சேர்ந்தாங்க. பேர் பீட்ரிஸ் பாட்டர். பின்னாடி பீட்ரிஸ் வெப் ஆகி, லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸைத் தொடங்கினவங்களில் ஒருத்தர். ஒவ்வொரு வீட்டுலயும் யார், என்ன வேலை, எங்கிருந்து வந்தாங்க என்று சக ஊழியரோட சேர்ந்து பேரேடு எழுதினாங்க. ஆக்டேவியாவைச் சந்திச்சப்போ, இப்படிப் பதிவு வெச்சுக்கறது அவசியம்தானே என்று கேட்டாங்க. ஆக்டேவியாவுக்கு அதில் பிரயோஜனம் தெரியலை. பேச்சு ஏற்கெனவே அதிகமா இருக்கு, செயல்தான் வேணும் என்கிற மாதிரி பதில் வந்தது. பீட்ரிஸ் வசூல் வேலையை விட்டுட்டு ஆராய்ச்சிக்குப் போயிட்டாங்க. அந்தப் பேரேடு இன்னும் லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகத்துல இருக்கு.

ஆக்டேவியா 1912-இல் இறந்தாங்க. அவங்க வழியில் வந்த பெண்கள் 1916-இல் வீட்டுச் சொத்து மேலாளர்களுக்கென்று ஒரு சங்கமே ஆரம்பிச்சாங்க. ஆண்களை அதில் சேர்த்துக்கிட்டது 1948-இல்தான்.

இன்னொரு பக்கம், கட்டடம் பங்கு மாதிரி ஆயிடுச்சு. 1960-இல் அமெரிக்கா ரீட் சட்டம் கொண்டுவந்தது. பலரோட பணத்தைச் சேர்த்துக் கட்டடம் வாங்கி, வாடகையைப் பிரிச்சுக் கொடுக்குற ஏற்பாடு. இந்தியாவில் செபி 2014-இல் விதிகளை வெளியிட்டது. முதல் ரீட், எம்பஸி, 2019-இல் பட்டியலிடப்பட்டது. விதிப்படி சொத்தில் 80 சதவீதமாவது கட்டி முடிச்சு வாடகை வர்றதா இருக்கணும். பங்கிடக்கூடிய பணத்தில் குறைஞ்சது 90 சதவீதத்தை முதலீட்டாளர்களுக்குக் கொடுத்தாகணும். பாரடைஸ் பிளேஸ்ல 5 சதவீதம்கறது முதலாளிக்கான உச்சவரம்பு. இங்கே முதலாளி பங்குக்கு விதி வைக்கிறது கீழ்வரம்பு. மேல எவ்வளவு போனாலும் சந்தோஷம்தான்.

என் நண்பன் வேலை பார்க்கற கம்பெனி ரீட் இல்லை, ஆனா அழுத்தம் அதேதான். இதையெல்லாம் அவன்கிட்ட சொன்னேன். "ரஸ்கின் மாதிரி ஓனர் எனக்கு எங்கேடா கிடைப்பார்"னு சிரிச்சான். அப்புறம் கொஞ்ச நேரம் அமைதி. "வாராவாரம் வாசல்ல போய் நிப்பாங்களா?"ன்னு கேட்டான். அவன் பொறுப்பில் இருக்கற கட்டடத்துக்குக் கடைசியா எப்போ போனான்னு கேட்டேன். நாலு மாசமாச்சாம்.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அங்கே லாபியில் போய் நின்னிருக்கான். லிஃப்டுக்கு க்யூ கேட் வரைக்கும். எத்தனை பேர், எத்தனை நிமிஷம்னு நோட்டில் எழுதியிருக்கான். அதில் பாதிப் பேர், வர்ற மார்ச்ல லீஸ் முடியுற கம்பெனியோட ஐடி கார்டு போட்டவங்க. அதை வெச்சு நோட்டைத் திருத்தி மறுபடி அனுப்பியிருக்கான். அடுத்த வாரம் மீட்டிங்.