உப்பை நாடிய எலிகள்

புறவுலகைக் கண்ணும் செவியும் உணர்த்துகின்றன. உடலின் அகத்தே நிகழும் குறைவையும் நிறைவையும் விலங்கு எவ்வாறு உணர்கின்றது? உடற்றொழிலியல் வரலாற்றில் இவ்வினாவுக்கான விடை படிப்படியாகவே உருப்பெற்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சிய அறிஞர் குளோட் பேணாட், உயிரணுக்கள் உண்மையில் வாழ்வது குருதி முதலிய பாய்பொருள்களாலான அகச்சூழலிலேயே என்றார். 1906இல் செரிங்ரன், உடலின் உள்நிலையை உணரும் அகவாங்கிகளைப் புறவாங்கிகளினின்றும் வேறுபடுத்தினார். 1926இல் உவோல்ற்றர் கனன், அகச்சூழல் மாறாது பேணப்படுதலுக்கு ஒருசீர்த்திடநிலை எனப் பெயரிட்டார். கனனின் ஆய்வுகள் உறுப்புகளின் தன்னியக்கத்தையே பெரிதும் நோக்கின. விலங்கின் நடத்தையும் அப்பேணுகையின் ஓர் உறுப்பே என்பதைத் தெளிவாகக் காட்டியவர், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் ஆய்வு நடத்திய கேட் றிக்ரர் ஆவார்.

அதிரீனற் சுரப்பிகள் அகற்றப்பட்ட எலிகள், சிறுநீருடன் சோடியத்தை இழந்து விரைவில் இறப்பன. அவற்றுக்கு நீரையும் உப்புக்கரைசலையும் ஒருங்கே வைத்தார் றிக்ரர். எலிகள் உப்புக்கரைசலை மிகுதியாக அருந்தி உயிர் பிழைத்தன. 1936இல் இம்முடிபு வெளியாயிற்று.

நான்கு ஆண்டுகளின் பின், உவில்கின்சும் றிக்ரரும் மூன்றரை வயதுச் சிறுவன் ஒருவனின் வரலாற்றை வெளியிட்டனர். அவன் முதலிற் கற்ற சொற்களுள் ஒன்று உப்பு என்பது. வீட்டில் உப்பை அள்ளியள்ளி உண்டு வந்த அவனுக்கு, மருத்துவமனையில் வழமையான உணவே வழங்கப்பட்டது. ஏழு நாள்களில் அவன் இறந்தான். அதிரீனற் சுரப்பிக் குறைபாடு இறப்பின் பின்னரே புலனாயிற்று. பிறர் கண்ணுக்கு விசித்திர வழக்கமாகத் தோன்றியதே அவனைக் காத்து வந்த மருந்து.

இவ்வேட்கை எங்கே தோன்றுகின்றது? சோடியக் குறைவு நாவின் சுவையுணர்வைக் கூர்மையாக்குகின்றது என றிக்ரர் கருதினார். ஆனால் 1950இல் பாப்மனும் பெயரும் சுவைநரம்பின் கணத்தாக்கங்களைப் பதிவுசெய்தபோது, சுரப்பி நீக்கிய எலிகளின் நரம்பும் ஏனைய எலிகளின் நரம்பும் உப்பின் ஒரேயளவு செறிவிலேயே தூண்டப்பட்டமை தெரியவந்தது. மாற்றம் நாவிலன்று; நாவின் செய்தியை மதிப்பிடும் மூளையிலே என்பது இதனாற் பெறப்பட்டது. அஞ்சியோரென்சின் போன்ற ஓமோன்கள் குருதிவழி மூளையை எட்டி உப்பு வேட்கையைத் தூண்டுதலைப் பிற்கால ஆய்வுகள் விளக்கின.

எலிக்கு உடற்றொழிலியல் தெரியாது, சிறுவனுக்கும் தெரியாது. எனினும் இருவரின் உடலும் தன் குறையை அறிந்து நடத்தையை நெறிப்படுத்தியது. எலிக்கு அதன் தெரிவு விடப்பட்டது. சிறுவனுக்கு அது மறுக்கப்பட்டது. நோயாளியின் வேட்கையை வெறும் அடமென ஒதுக்குமுன் அதன் காரணத்தை ஆராய்தல் வேண்டும் என்பதே இவ்வரலாறு புகட்டும் பாடமாகும்.