மிளகாய்க் காரமும் வயிற்றுப்புண்ணும்: சிங்கப்பூர் ஆய்வுகள்

மிளகாய்க்குக் காரம் தரும் வேதிப்பொருள் காப்சைசின். பலரும் நினைப்பதுபோல் அது விதையில் உருவாவதில்லை. விதைகள் ஒட்டிக்கொண்டிருக்கும் வெள்ளைச் சதையில்தான் உருவாகிறது. இப்பொருள் உடலில் என்ன செய்கிறது என்ற ஆய்வின் வரலாற்றில் சிங்கப்பூருக்குச் சிறிய, ஆனால் தனித்த இடம் உண்டு. காரம் தின்றால் வயிறு புண்ணாகும் என்ற பழைய எச்சரிக்கையை மனிதர் வயிற்றுக்குள்ளேயே பார்த்துச் சோதித்த இடங்களில் இதுவும் ஒன்று.

வேதியியல் பகுதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1816இல் ஜெர்மானியர் புக்கோல்ட்ஸ் இக்காரப்பொருளை அரைகுறைத் தூய்மையுடன் பிரித்தெடுத்தார். 1876இல் ஆங்கிலேயர் ஜான் திரெஷ் அதைப் படிகமாக்கிப் பெயரும் வைத்தார். 1919இல் நெல்சன் அதன் அமைப்பைக் கண்டறிந்தார். 1930இல் அது ஆய்வகத்திலேயே தயாரிக்கப்பட்டது.

உடலியல் கதை ஹங்கேரியில் தொடங்குகிறது. எரிச்சல் உணர்வு நரம்புகள் வழியே வருகிறது என்று 1878இல் ஹோக்யெஷ் காட்டினார். காப்சைசினைத் திரும்பத் திரும்பப் பெற்ற விலங்குகளின் நரம்புகள் மரத்துப்போவதை 1940களில் யான்சோ கண்டார். தினமும் காரம் சாப்பிடுபவருக்கு அது உறைக்காமல் போவதன் ஒரு காரணம் இது. அந்த நரம்பில் காப்சைசின் போய் ஒட்டும் புரதத்தை 1997இல் அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸ் குழு பிரித்துக் காட்டியது. டிஆர்பிவி1 எனப்படும் அது சுமார் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டிய வெப்பத்துக்கும் திறந்துகொள்கிறது. சிங்கப்பூரில் ஈசூனை ஒட்டிய செம்பவாங் வெந்நீர் ஊற்றில் நீர் ஏறத்தாழ 70 டிகிரியில் பொங்குகிறது. படிப்படியான தொட்டிகளில் இறங்கி 40 டிகிரியளவுக்கு ஆறிய பிறகே அதில் கால் நனைக்க முடிகிறது. ஊற்றுவாயில் காலைச் சுடும் நீரும் நாக்கைச் சுடும் சில்லி பாடி மிளகாயும் நரம்புக்கு அனுப்பும் சேதி ஏறக்குறைய ஒன்றே. ஜூலியஸுக்கு 2021இல் நோபெல் பரிசு கிடைத்தது.

சிங்கப்பூரின் கேள்வி வேறு திசையிலிருந்து வந்தது. ஒரே தீவில், ஒரே சந்தையில் காய்கறி வாங்கும் மூன்று இனத்தவரில் சீனர்களுக்கே வயிற்றுப்புண் அதிகம் வந்தது. சம்பலும் மிளகாய்க் குழம்புமாகச் சாப்பிடும் மலாய்க்காரருக்கும் இந்தியருக்கும் குறைவாகவே வந்தது. மிளகாய்தான் குற்றவாளி என்றால் கணக்கு தலைகீழாக அல்லவா இருந்திருக்க வேண்டும்?

தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையின் ஜே. ஒய். காங், இயோ கே குவான் முதலிய வயிற்று நோய் மருத்துவர்கள் இதைப் பின்தொடர்ந்தனர். இனவேறுபாடு குழப்பக்கூடாது என்பதற்காகச் சீனர்களை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுப்புண் உள்ள 103 பேரையும் இல்லாத 87 பேரையும் விசாரித்தபோது, புண் உள்ளோர் மாதத்துக்கு உண்ட மிளகாயின் இடைநிலை அளவு 312 கிராம். மற்றவர்களுடையது 834 கிராம். இதில் ஓட்டை உண்டு. வயிறு வலிக்கிறவர் தானாகவே காரத்தைக் குறைத்திருக்கலாம்.

அந்த ஓட்டையை அடைக்க நேரடிச் சோதனையே வழி. வயிறு சுத்தமாக இருப்பது எண்டோஸ்கோப்பியில் உறுதியான 18 தன்னார்வலர்கள் 20 கிராம் மிளகாயை 200 மில்லி லிட்டர் தண்ணீருடன் விழுங்கினர். அரை மணி நேரம் கழித்து 600 மில்லிகிராம் ஆஸ்பிரின். ஆஸ்பிரின் வயிற்றுச் சவ்வை அரிப்பது தெரிந்ததே. ஆறு மணி நேரத்துக்குப் பின் மறுபடியும் குழாய் உள்ளே போனது. இன்னொரு நாள் அதே ஆட்களுக்கு மிளகாய் இல்லாமல் தண்ணீரும் ஆஸ்பிரினும் மட்டும். காயத்துக்கு இட்ட மதிப்பெண்ணின் இடைநிலை, மிளகாய் தின்ற நாளில் 1.5, தின்னாத நாளில் 4. இந்த இரு ஆய்வுகளின் கட்டுரைகளும் 1995இல் வெளியாயின. எலிகளின் வயிற்றில் சாராயம் உண்டாக்கும் காயத்தையும் மிளகாய் குறைப்பதாக அதே ஆண்டு காங் குழு தெரிவித்தது. காப்சைசின் தூண்டிய நரம்பு முனைகள் ஒருவகைப் பெப்டைடை வெளியிடுகின்றன. அதனால் சவ்வில் ரத்த ஓட்டம் பெருகுகிறது என்பதே தரப்பட்ட விளக்கம்.

18 பேர் என்பது சின்ன எண்ணிக்கை. ஒரே ஒரு வேளை மருந்தை வைத்துச் செய்த சோதனையைக் கொண்டு ஆண்டுக்கணக்கான நோய்க்குத் தீர்ப்புச் சொல்லவும் முடியாது. ஆனாலும் மிளகாய் மீதிருந்த பழி பெருமளவு கழிந்தது என்றே கொள்ளலாம். டெல்லியில் 1984இல் நடந்த ஆய்வும் இதற்குத் துணை: சிறுகுடல் புண் நோயாளிகளில் ஒரு பாதிக்குத் தினம் 3 கிராம் மிளகாய்த்தூள் கொடுத்தும் புண் ஆறுவது தாமதப்படவில்லை.

உண்மைக் குற்றவாளிகளில் முதன்மையானது ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி. அதைக் கண்டறிந்த ஆஸ்திரேலியர் மார்ஷல், வாரன் இருவருக்கும் 2005இல் நோபெல் கிடைத்தது. அதன் பிறகும் சிங்கப்பூர்ப் புதிர் முழுதாக அவிழவில்லை. மலாய்க்காரரிடம் கிருமியும் குறைவு, புண்ணும் குறைவு, அது பொருந்துகிறது. இந்தியரிடமோ கிருமி சீனருக்குக் குறையாமல் இருந்தும் புண் குறைவு. காரணம் மிளகாயா, கூட வேகும் மஞ்சளா, மரபணுவா, கிருமியின் வகையா என்பதைப் பிரித்துச் சொல்ல, 20 கிராம் மிளகாயும் எண்டோஸ்கோப்பியும் போதவில்லை.