சென்னை நகரில் கலைகளுக்கும் கலைக்கல்விக்கும் பொது ஆதரவு

அரண்மனைகளும் கோயில்களும் ஜமீன்களும் கலைஞரைப் போஷித்துவந்த பழைய முறை தளர்ந்தபோது, அந்தப் பொறுப்பைச் சர்க்காரும் சபாக்களும் கல்லூரிகளும் பகுதி பகுதியாக ஏற்றுக்கொண்டதே சென்னை நகரின் கலை ஆதரவுச் சரித்திரமாகும். சித்திரமும் சிற்பமும் முதலில் சர்க்காரின் அரவணைப்பைப் பெற்றன. சங்கீதமும் நாட்டியமும் அதற்குப் பின்னும் ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் நகரத்தாரின் சந்தாவையும் நன்கொடையையுமே நம்பி வாழ்ந்தன.

1850இல், கம்பெனி ஆட்சியில் வைத்தியராக ஊழியம் புரிந்த அலெக்ஸாண்டர் ஹண்டர் என்பவர், தம் சொந்த முயற்சியால் ஒரு சித்திரப் பள்ளியை நிறுவி, மறு ஆண்டிலேயே கைத்தொழில் பயிற்சியையும் அதனோடு சேர்த்து நடத்தினார். கல்கத்தாவில் 1854இலும் பம்பாயில் 1857இலும் இத்தகைய பள்ளிகள் தோன்றுவதற்கு முன்னரே, 1852இல், சென்னைப் பள்ளி சர்க்கார் வசமாயிற்று. சர்க்காரின் நோக்கம் சித்திரக்காரரை உண்டாக்குவதைவிட, விலைபோகும் பண்டங்களைச் செய்யவல்ல கைவினைஞரை உண்டாக்குவதாகவே இருந்தது; மண்பாண்டம், மரவேலை, உலோகவேலை ஆகியவையே அங்கு நெடுங்காலம் முதன்மை பெற்றிருந்தன. இன்று வீடுதோறும் புழங்கும் அலுமினியப் பாத்திரத் தொழிலை 1898இல் ஆல்பிரட் சாட்டர்டன் இந்தக் கலைப்பள்ளியின் பட்டறையிலேயே தொடங்கிவைத்தார் என்பதை அறிவோர் சிலரே. கைவினைக்கு அளித்த இந்த முதன்மையைக் குறையாகக் கருதுவதற்கில்லை. 1884இல் இங்கே தலைமை ஏற்ற ஹாவெல், தென்னாட்டுக் கம்மியரின் வேலைப்பாட்டை நேரில் கண்டு ஆராய்ந்த அனுபவத்தைக் கொண்டே, பிற்காலத்தில் இந்தியக் கலையின் சார்பில் அத்தனை உறுதியோடு வாதாடினார்.

பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்து 1957 வரை அதனை நடத்திய தேவிபிரசாத் ராய் சௌத்ரி காலத்தில், தொழிற்பட்டறையாக இருந்த இடம் சிற்பிகளும் ஓவியர்களும் உருவாகும் இடமாக மாறியது. மெரினாவில் 1959இல் திறக்கப்பெற்ற உழைப்பாளர் சிலை அவருடைய படைப்பே. அவருக்குப் பின் தலைமை வகித்த கே.சி.எஸ். பணிக்கர், படிப்பை முடித்த மாணவர் ஜீவனத்துக்கு வழியின்றி வேறு உத்தியோகங்களைத் தேடிச் சிதறுவதைக் கண்டு வருந்தி, பாட்டிக் துணிகளையும் கைவினைப் பொருள்களையும் செய்து விற்ற பணத்தைக் கொண்டு 1966இல் கலைஞர்களோடு சோழமண்டலக் கலைக்கிராமத்தை நகருக்குத் தெற்கே கடலோரத்தில் அமைத்தார். கலையைக் கற்பிக்கச் செலவிட்ட பொதுநிதி, கற்றவனை வாழவைக்கும் மார்க்கத்தைக் காணவில்லை என்ற உண்மைக்கு இந்தக் கிராமமே சாட்சி.

சங்கீத, நாடகத் துறைகளின் கதை வேறு. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை 1891இலும், திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபை 1900இலும் தோன்றின. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மாநாட்டின் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி உதயமாயிற்று. வெறும் கச்சேரிகளோடு நில்லாமல், 1931இல் சங்கீத ஆசிரியர்களைப் பயிற்றும் கல்லூரி ஒன்றையும் தொடங்கியது அந்த அகாடமியின் தொலைநோக்கிற்குச் சான்று. ருக்மிணி தேவி அருண்டேல் 1936இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவினார். தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்று எழுந்த கிளர்ச்சியின் பயனாக, ராஜா அண்ணாமலை செட்டியாரின் ஆதரவில் 1943இல் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. சந்தா செலுத்தக்கூடியவரின் ரசனையே இத்தகைய அமைப்புகளில் பெரிதும் செல்வாக்குப் பெற்றது. தெருக்கூத்தும் பறையும் வெகுகாலம் அவற்றின் வாயிலுக்கு வெளியிலேயே நின்றன. தலைமுறை தலைமுறையாக நாட்டியத்தைக் காத்துவந்த குடும்பங்களின் நிலையும் இரங்கத்தக்கதே. 1947ஆம் ஆண்டின் தேவதாசி ஒழிப்புச் சட்டம் ஓர் அநீதியை நீக்கியது. எனினும் அக்குடும்பங்களின் வித்தைக்கு மாற்று ஆதரவு எதனையும் அது ஏற்படுத்தவில்லை. அத்தகைய குடும்பமொன்றில் பிறந்த பாலசரஸ்வதி 1953இல் மியூசிக் அகாடமியின் துணையோடு ஒரு நாட்டியப் பள்ளியைத் தொடங்கியது அந்த வகையில் பெரும் பேறாகும்.

சுதந்திரத்துக்குப் பின்னரே சர்க்கார் சங்கீதக் கல்வியில் நேரடியாகப் பிரவேசித்தது. 1949இல் முசிரி சுப்பிரமணிய ஐயரைத் தலைவராகக் கொண்டு கர்நாடக இசைக் கல்லூரி ஏற்பட்டது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஜேம்ஸ் பிராடி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் அடையாற்றங்கரையில் கட்டிய மாளிகை பின்னர் அதன் நிலையமாயிற்று. குருவின் வீட்டில் ஊழியம் செய்தே கற்க முடிந்த வித்தையை, எந்தக் குலத்துப் பிள்ளையும் சொற்பக் கட்டணத்தில் கற்கலாம் என்று ஆக்கியதே சர்க்கார் இத்துறையில் செய்த தலைசிறந்த காரியம். 1955இல் சங்கீத நாடக சங்கம் அமைந்தது. அது இயல் இசை நாடக மன்றம் என்று பின்னர் பெயர் பெற்று, விருதுகளும் நலிந்த கலைஞருக்கு உதவித்தொகையும் வழங்கிவருகிறது. 1991இல் கலை பண்பாட்டுத் துறை உருவாயிற்று; கலாக்ஷேத்திரம் 1993ஆம் ஆண்டின் நாடாளுமன்றச் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த ஸ்தாபனமாயிற்று; 2013இல் மாநில அரசு இசைக்கும் கவின்கலைகளுக்கும் தனிப் பல்கலைக்கழகம் கண்டது.

2007இல் பொங்கலையொட்டித் தொடங்கிய சென்னை சங்கமம், கிராமியக் கலைஞரைப் பூங்காக்களுக்கும் வீதிகளுக்கும் அழைத்துவந்து, சபா வாயிலை மிதித்திராத ஜனங்களின் முன்னிலையில் ஆடவைத்தது. இடையில் நின்றுபோய், 2023இல் மீண்டும் நடைபெறலாயிற்று. யுனெஸ்கோ 2017இல் சென்னையை இசைக்கான படைப்பு நகரங்களின் வரிசையில் சேர்த்தது.

பள்ளிக்கூடங்களிலோ இந்தக் கீர்த்தியின் பயன் மெல்லவே வந்து சேர்கிறது. ஓவியம், இசை, தையல், உடற்கல்வி முதலியவற்றைக் கற்பிக்க 2012இல் மாநிலமெங்கும் 16,000க்கு மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்கள், மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமனம் பெற்றனர். பணி நிரந்தரம் கோரி அவர்கள் பல ஆண்டுகள் போராடவேண்டியிருந்தது. 2022 முதல் அரசுப் பள்ளிகளில் நடைபெறும் கலைத் திருவிழாவுக்கு மாணவரை ஆயத்தம் செய்யும் வேலையும் இத்தகைய ஆசிரியரையே பெரிதும் சார்ந்திருக்கிறது.