பெருந்தெருவில் மேளம்: சப்பிரகமுவைத் தோட்டங்களும் அரசின் நடுநிலையும்

ஆங்கிலேயர் காலத்திற் சப்பிரகமுவைத் தோட்டங்களில் மாரியம்மன் விழாவின் தப்பொலி, தோட்ட எல்லைவரை துரையின் இசைவால் ஒலித்தது. எல்லை கடந்து பெருந்தெருவை அடைந்ததும் அரசின் அதிகாரம் தொடங்கிற்று. அவ்வதிகாரத்தின் வரலாறு தோட்டங்களினும் பழையது.

இரத்தினபுரியும் கேகாலையும் கண்டி இராச்சியத்தைச் சேர்ந்திருந்தமையால், 1815 மார்ச் 2ஆம் நாள் உடன்படிக்கை அவற்றுக்கும் பொருந்திற்று. அதன் ஐந்தாம் பிரிவு பௌத்த மதத்தின் கிரியைகளையும் ஆலயங்களையும் காப்பதாக வாக்களித்தது. 1818ஆம் ஆண்டுப் பிரகடனம், ஏனைய சமயத்தாரின் அமைதியான வழிபாட்டுக்கும் பாதுகாப்பு உண்டென்றது; ஆயினும் அவர்கள் ஆலயம் எழுப்பத் தேசாதிபதியின் அனுமதி வேண்டும் என்றது. ஒருவருக்கு வாக்குறுதி, மற்றவருக்கு அனுமதி. பின்னர் வந்த தோட்டத் தமிழர் இரண்டாம் வகையினராயினர்.

பாதிரிமாரின் வற்புறுத்தலால் 1840களில் அரசு விகாரை அலுவல்களினின்று விலகத் தலைப்பட்டது. இதனை நடுநிலை என்றனர். ஆயினும் 1865ஆம் ஆண்டுப் பொலிஸ் சட்டப்படி, வீதியில் மேளம் முழங்குவதும் முழங்காதிருப்பதும் அதிகாரியின் கையிலேயே இருந்தன.

இதன் விளைவு மத்திய மாகாணத்துக் கம்பளையில் வெளிப்பட்டது. அங்கே 1912இல், வல்லஹகொட தேவாலையின் பெரஹரா பள்ளிவாசலை அணுகுகையில் வாத்தியம் நிறுத்தவேண்டுமென அரசாங்க அதிபர் நிபந்தனை விதித்தார். தேவாலை வழக்காடிற்று. 1914இல் கண்டி மாவட்ட நீதிபதி போல் பீரிஸ் 1815ஆம் ஆண்டு வாக்குறுதியைக் காட்டித் தேவாலைக்குச் சார்பாகத் தீர்த்தார். 1915 பெப்ரவரியில் உயர்நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. பீரிசின் புலமையை யாம் மறுக்கவில்லை. ஆனால் பழைய உடன்படிக்கையே உரிமைக்கு ஊற்றாயின், 1815க்குப் பின் எழுந்த தோட்டக் கோயிலுக்கு அதிற் பங்கேது? உயர்நீதிமன்றமோ அனைவரையும் சமனாக்கிற்று. ஓர் அதிகாரியின் அனுமதிச்சீட்டின்கீழ்ச் சமனாக்கிற்று! அவ்வாண்டு மே 28ஆம் நாள் கண்டியில் முஸ்லிம்களுக்கெதிராக மூண்ட கலகம் சப்பிரகமுவைக்கும் பரவிற்று. அதனை அடக்கப் பிறப்பித்த இராணுவச் சட்டத்தின் கொடுமைகளைப் பொன்னம்பலம் இராமநாதன் நூலாகவே எழுதினார்.

சுதந்திரத்தின்பின் நடந்தது அதனினும் வியப்புக்குரியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தமிழருட் பெரும்பாலோர் நாடற்றோராயினர். 1972ஆம் ஆண்டு யாப்பு, பௌத்தத்துக்கு முதன்மையிடம் அளித்ததோடு, வழிபாட்டுச் சுதந்திரத்தைப் பிரசைகளுக்கே உறுதிசெய்தது. 1978ஆம் ஆண்டு யாப்பின் 14ஆம் உறுப்புரை, பகிரங்கமாகச் சமயத்தை வெளிப்படுத்தும் உரிமையை நாடற்ற நிரந்தர வாசிகளுக்கும் நீட்டியது. ஆனால் பத்தாண்டுகளுக்கு மட்டும். தெய்வத்தைத் தெருவிற் கொண்டுசெல்லும் உரிமைக்குத் தவணை குறித்த சட்டம் பிறிதொன்றை யாம் அறியோம். நாடற்றோராய் எஞ்சியிருந்தோருக்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல் நிறைவேறிற்று.