தகரம் வந்த கதையும் ஒரு மாட்டுக் கொட்டாய் கணக்கும்

ராசிபுரத்துல இருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் இப்ப காட்டுக்குள்ள தெரியற கொட்டாய் எல்லாம் நீலக் கலர், இல்லன்னா செங்கல் கலர். நான் பள்ளிக்கூடம் போன காலத்துல கூரைன்னா பழுப்பு நிறம்தான். தென்னங்கீத்து, பனை ஓலை, கரும்புச் சோகை. கொஞ்சம் வசதி இருந்தா ஓடு. எங்க மாட்டுக் கொட்டாயும் இந்த வருசம் ஷீட்டுக்கு மாறப் போகுது. அதுக்குக் கணக்குப் போட உக்காந்தப்ப, இந்தத் தகரம் எப்படி நம்ம ஊரு வரைக்கும் வந்துச்சுன்னு யோசனை ஓடுச்சு. கணக்கையும் கதையையும் சேர்த்தே எழுதிடறேன்.

ஓலைக் கூரைக்குக் கணக்குப் போட எங்க அப்பா டேப்பு எடுத்து நான் பார்த்ததில்லை. ஒரு கயிறு போதும். முகட்டு மேல கயித்தைப் போட்டு ரெண்டு பக்கமும் இறவாரம் வரைக்கும் தொங்க விடுவார். அந்த நீளத்தை முழம் போட்டு அளப்பார். வரிசைக்கு வரிசை எத்தனை சாண் மூடணும்னு கூரை வேயறவர் சொல்லுவார். அதை வச்சு இத்தனை நூறு கீத்துன்னு முடிவாகும். தரையை அளக்காம கூரையோட சரிவையே அளந்தாங்க பாருங்க, அதுலதான் விசயமே இருக்கு. இன்னைக்கு ஷீட் கணக்குல பாதிப் பேர் கோட்டை விடறது இந்த இடத்துலதான். தரை 18 அடின்னா கூரையும் 18 அடின்னு நினைச்சுக்கறாங்க.

நாட்டு ஓடு குயவர் சக்கரத்துல செஞ்சது. குழாய் மாதிரி வனைஞ்சு, நடுவுல கீறி, ரெண்டாப் பிரிச்சா ரெண்டு ஓடு. அது ஆயிரக் கணக்குல பேசறது. வருசா வருசம் மழைக்கு முன்னாடி ஏறி மாத்தி அடுக்கணும். குரங்கு வந்தா அந்த வேலையும் வீண். அப்புறம் வந்தது சீமை ஓடு. பேருதான் சீமை, செஞ்சது மங்களூர்ல. பாசல் மிஷன்காரங்க 1865-ல அங்க ஓட்டுத் தொழிற்சாலை ஆரம்பிச்சாங்க. நூறு சதுர அடிக்கு, அதாவது கொத்தனார் சொல்ற ஒரு சதுரத்துக்கு, சுமார் 140 ஓடு. உடைசலோட சேர்த்து 150 வாங்குன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ரீப்பர் அடிக்கிறது ஒரு அடிக்குக் கொஞ்சம் கூட இடைவெளி விட்டு. இந்தக் கணக்கு எல்லாம் ஆசாரிகளுக்கு மனப்பாடம்.

தகரத்தோட கதை லண்டன்ல ஆரம்பிக்குது. அங்க துறைமுகக் கம்பெனியில இன்ஜினியரா இருந்த ஹென்றி ராபின்சன் பாமர்ங்கிறவர் 1829-ல இரும்புத் தகட்டை நெளி நெளியா மடிச்சுக் கூரை போட காப்புரிமை வாங்கினார். ஒரு காகிதத்தை நீட்டிப் பிடிச்சா தொங்கிடும். அதையே விசிறி மாதிரி மடிச்சுப் பிடிச்சா நிக்கும். அதே சங்கதிதான். நெளி இருக்கறதால மெல்லிசுத் தகடே பாரம் தாங்குது, கீழ மரம் குறைச்சலா போதும். ஆனா இரும்பு துருப்பிடிக்கும். அதுக்கு 1837-ல பிரான்ஸ்ல சொரெல்ங்கிறவர் வழி கண்டுபிடிச்சார், உருகின துத்தநாகத்துல இரும்பை முக்கி எடுக்கறது. நாம தகரம் தகரம்னு சொல்றோமே, உண்மையில தகரம்ங்கிறது வெள்ளீயம். கூரையில இருக்கறது துத்தநாகம் பூசின இரும்பு. பேரு ஒட்டிக்கிச்சு, இனி யாரு மாத்தறது.

அந்தத் தகரம் முதல்ல விவசாயிக்கு வரலை. ரயில்வே குடோனுக்கு வந்துச்சு, மலைத்தோட்டத்துக்கு வந்துச்சு. நம்ம சேலம், திருச்சி பக்கத்துல இருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன சனங்க தகரக் கூரைக்குக் கீழதான் தலைமுறை தலைமுறையா குடும்பம் நடத்துனாங்க. லயம்னு சொல்லுவாங்க, வரிசையா ஒட்டுனாப்புல அறைங்க. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் திரும்பி வந்தவங்கள்ல ஒரு அம்மாயி எங்க ஊர்ல இருந்துச்சு. மழை பேஞ்சா லயத்துல பக்கத்துல இருக்கறவங்க பேசறதே காதுல விழாதுன்னு சொல்லும். ஓலைக் கூரையில மழைச் சத்தமே கேக்கலை, தூக்கம் வர மாட்டேங்குதுன்னும் சொல்லும்.

ஜாம்ஷெட்பூர்ல டாடா இரும்புக் கம்பெனி 1907-ல ஆரம்பிச்சாலும், சுதந்திரத்துக்கு அப்புறமும் ரொம்ப வருசத்துக்கு இரும்பு தாராளமாக் கிடைக்கலை. விலையும் பங்கீடும் அரசாங்கத்துக் கட்டுப்பாட்டுல இருந்துச்சு. அது நீங்கினது 1992 ஜனவரியில. நம்ம சேலத்துலயே உருக்காலை இருக்கேன்னு கேப்பீங்க. அடிக்கல் நட்டது 1970-ல. ஆனா அங்க ஓடறது எவர்சில்வர் தகடு, கொட்டாய்க்கு வேயற ஷீட் இல்லை.

நடுவுல ஆஸ்பெஸ்டாஸ் ஒரு முப்பது வருசம் ஆட்சி பண்ணுச்சு. நாமக்கல் கோழிப் பண்ணைகளையும் ஜவ்வரிசி ஆலைகளையும் நினைச்சுப் பாருங்க, பழசு எல்லாம் சாம்பல் நிறக் கூரைதான். துருப்பிடிக்காது, தகரத்தை விடச் சூடு கம்மி, விலையும் கம்மி. ஆனா அதுல இருக்கற நார் நுரையீரலுக்குப் போனா புத்துநோய் வரும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லியாச்சு. பல நாட்டுல தடை. நம்ம நாட்டுல இன்னும் விக்குது. பழைய ஷீட்டைப் பிரிக்கறவங்க தயவுசெஞ்சு அதைச் சம்மட்டியால உடைக்காதீங்க, தண்ணி தெளிச்சு முழுசா இறக்குங்க. முகத்துல துணி கட்டறது மட்டும் போதாது.

ஓலைக்கு முடிவு கட்டினது 2004 ஜூலை 16-ன்னு சொல்லுவேன். கும்பகோணத்துல பள்ளிக்கூடத்துச் சமையல் கொட்டாய்ல பிடிச்ச தீ, மேல வகுப்பறைக் கீத்துக் கூரைக்குத் தாவி 94 பிள்ளைங்க போயிட்டாங்க. அதுக்கப்புறம் தமிழ்நாடு பூராவும் பள்ளிக்கூடத்துக் கூரையில இருந்து கீத்தைப் பிரிச்சாங்க. அன்னைக்குச் சாயங்காலம் டிவி முன்னாடி உக்காந்திருந்த எங்க ஊர்ப் பொம்பளைங்க ஒருத்தரும் சோறு ஆக்கலை. 2010-ல குடிசைகளைக் காங்கிரீட் வீடாக்கற கலைஞர் வீடு வழங்கும் திட்டம் வந்துச்சு, 21 லட்சம் குடிசைன்னு கணக்கு. அது நல்ல காரியம், சந்தேகமே இல்லை. ஆனா கூரை வேயறவங்களுக்கு வேலை போச்சு. எங்க சுத்து வட்டாரத்துல இப்ப ஒழுங்கா வேயத் தெரிஞ்சவர் ஒரே ஒருத்தர், அவருக்கும் ஏணி ஏற முடியலை. ரெண்டு மூணு வருசத்துக்கு ஒருக்கா வேயணும்னா ஆளுக்கு எங்க போறது?

இப்ப வர்ற கலர் ஷீட்டுல பழைய மாதிரி வெறும் துத்தநாகம் இல்லை. நூத்துக்கு 55 பங்கு அலுமினியம், மீதி பெரும்பாலும் துத்தநாகம். 1972-ல அமெரிக்காவுல பெத்லகேம் ஸ்டீல் கம்பெனி விற்பனைக்குக் கொண்டு வந்த பூச்சு. அதுக்கு மேல பெயிண்ட்.

சரி, கணக்குக்கு வருவோம். எங்க கொட்டாய் நீளம் 40 அடி, அகலம் 18. நடுவுல முகடு. சுவத்து மட்டத்துல இருந்து முகடு 3 அடி உசரம். பாதி அகலம் 9 அடி, வெளிய ஒன்றரை அடி இறவாரம், மொத்தம் பத்தரை. 9 அடிக்கு 3 அடி ஏறுதுன்னா, பத்தரை அடிக்குச் சரிவு நீளம் 11 அடிக்கு ஒரு அங்குலம் கூட. முகட்டுல கேப் வந்து மூடிக்கும், அதனால 11 அடி ஷீட் போதும். நீளவாக்குல ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி வெளிய விட்டா 42 அடி. ஷீட்டோட அகலம் மூணரை அடின்னு கடையில சொல்லுவாங்க. 42-ஐ மூணரையால வகுத்தா 12. அப்படி வாங்கினா வேலை நடுவுல நின்னு போகும். ஒரு ஷீட் மேல இன்னொண்ணு ஏறி உக்காரணும், அதனால உண்மையில மூடற அகலம் 3 அடி 3 அங்குலம்தான். அதுக்குப் பக்கத்துக்கு 13, ரெண்டு பக்கத்துக்கு 26 ஷீட், 286 அடி. முகட்டுக் கேப் 42 அடி, ஏத்து மூட இன்னும் ஒரு ரெண்டு அடி. சரிவுக்கு அஞ்சு வரிசைக் குழாய், ஒவ்வொரு இடத்துலயும் ஷீட்டுக்கு நாலு ஸ்க்ரூன்னா 520. கேப்புக்கும் தொலையறதுக்கும் சேர்த்து 600 வாங்கணும். ரப்பர் வாசர் நல்லதா இருக்கான்னு நசுக்கிப் பாருங்க. சட்டுனு பிளந்துச்சுன்னா அந்த டப்பாவை வாங்காதீங்க.

கனத்துலயும் ஒரு சூட்சுமம் இருக்கு. அந்தக் காலத்துல கேஜ்னு சொல்லுவாங்க, நம்பர் கூடக் கூட தகடு மெல்லிசு. இப்ப மில்லிமீட்டர். 0.50ன்னு எழுதியிருந்தா அது பெயிண்ட், பூச்சு எல்லாம் சேர்த்த கனமா, வெறும் இரும்பா? கேட்டுக்கணும். எனக்கு வாயால சொல்றதுல நம்பிக்கை இல்லை, தராசுலதான் நம்பிக்கை. 0.50 ஷீட் 11 அடி நீளம் சுமார் 15 கிலோ வரணும். 10, 11 கிலோதான் வருதுன்னா அது 0.35 சமாச்சாரம்.

எடை இன்னொண்ணுக்கும் முக்கியம். சீமை ஓட்டுக் கூரை சதுர அடிக்கு நாலு கிலோ கிட்ட வரும், காத்து வந்தாலும் தன் பாரத்துலயே உக்காந்திருக்கும். ஷீட் அரைக் கிலோ கூடக் கிடையாது. கோடை மழைக்கு முன்னாடி வர்ற சுழல் காத்து கீழ இருந்து தூக்குச்சுன்னா மொத்தமா எந்திரிச்சுரும். 2018 நவம்பர்ல கஜா புயல்ல டெல்டா பக்கம் காத்துல பறந்த ஷீட்டை டிவியில எல்லாரும் பார்த்தோம். ஓட்டுக் கொட்டாய்ல தூண் பாரத்தைத் தாங்கினாப் போதும். ஷீட் கொட்டாய்ல தூண் கூரையைப் பிடிச்சு இழுத்து வச்சுக்கவும் வேணும். அதனால குழி ஆழமா எடுத்துக் காங்கிரீட் போடணும், குழாயையும் தூணையும் வெல்டிங்கோட விடாம போல்ட்டும் போடணும்.

சூடுதான் கடைசி வில்லங்கம். நம்ம பக்கம் சித்திரையில நாப்பது டிகிரி சாதாரணம். மெல்லிசு ஷீட்டுக்குக் கீழ மாடு நாக்கைத் தொங்கப் போட்டு நிக்கும், தீனி எடுக்காது, பால் இறங்கிரும். எங்க பங்காளி ஒருத்தர் எட்டடி உசரத்துல போட்டார். மதியம் மாட்டைப் பூரா புளிய மரத்தடிக்கு ஓட்டிட்டுப் போறார். நான் ஓரத்துலயே பத்தடி வைக்கறதா இருக்கேன், முகடு பதிமூணு. பக்கச் சுவர் இடுப்பளவுக்கு மேல வேண்டாம். நீள வாட்டம் கிழக்கு மேற்கா, கோழிப் பண்ணைக்காரங்க போடற மாதிரி. கலர் வெள்ளை. நீலம் அழகா இருக்குன்னு மருமகள் சொல்லுது, மாட்டுக்கு அழகு எதுக்கு.

பழைய கூரையில இருந்து பிரிக்கற கீத்துல நல்லதா உள்ளதை எடுத்து வைக்கச் சொல்லியிருக்கேன். பங்குனி பொறந்ததும் ஷீட் மேல பரப்பிக் கம்பியால கட்டிடலாம், ஆடிக் காத்துக்கு முன்னாடி இறக்கிக்கலாம். வேயத் தெரிஞ்ச அந்த ஒருத்தர்கிட்டயே கேட்டேன். பரப்பறதுக்கு நான் ஏணி ஏற வேண்டாம், கீழ நின்னு சொல்றேன்னார்.