சாண்டா ஃபே எஞ்சினின் இறகுக் கிரீடம்



ரயில் எஞ்சினுக்கு என்ன நிறம் என்று கேட்டால், என் வயதுக்காரர்கள் யோசிக்காமல் "கறுப்பு" என்பார்கள். கரியும் புகையும் எண்ணெயும் படிகிற பொருளுக்கு வேறு நிறம் பூசி என்ன பயன்? அமெரிக்காவிலும் நீராவி எஞ்சின்கள் பெரும்பாலும் கறுப்புதான். டீசல் வந்த பிறகுதான் நிறம் தாராளமாக வந்தது. அதில் ஒரே ஒரு ரயில்வேயின் கதையை இன்று சொல்கிறேன்.

அதன் முழுப்பெயர் அட்சிசன், டொபீகா அண்ட் சாண்டா ஃபே ரயில்வே. இவ்வளவு நீளப் பெயரை யார் சொல்வார்கள்? சாண்டா ஃபே என்றே நிலைத்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், சாண்டா ஃபே நகரம் அதன் பிரதான பாதையில் இல்லை. லாமி என்ற ஊரிலிருந்து 1880-இல் போட்ட கிளைப் பாதைதான் அங்கே போனது.

இந்த ரயில்வே டீசலை விரும்பியதற்கு முக்கியக் காரணம் தண்ணீர். சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் போகும் பாதை நியூ மெக்சிகோ, அரிசோனா, கலிபோர்னியா பாலைநிலங்களைக் கடக்கிறது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் இல்லாமல் முடியாது. சில இடங்களுக்குத் தண்ணீரையே டேங்கர் வண்டிகளில் ஏற்றிப் போனார்கள். டீசலுக்கு அந்தத் தாகம் இல்லை.

1936 மே மாதம் 'சூப்பர் சீஃப்' என்ற ரயில் ஓடத் தொடங்கியது. சிகாகோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு 39 மணி 45 நிமிடம். அதை இழுத்த முதல் டீசல் எஞ்சின்கள் பெட்டி போலச் சதுரமாக இருந்தன. அடுத்த ஆண்டு பட் நிறுவனத்தின் பளபளக்கும் எவர்சில்வர் பெட்டிகள் வந்தன. அவற்றுக்குப் பொருத்தமாக, ஜெனரல் மோட்டார்ஸின் துணை நிறுவனமான எலக்ட்ரோ-மோட்டிவ் வளைந்த மூக்குடைய புதிய எஞ்சினைக் கட்டித் தந்தது.

அதற்கு வண்ணம் தீட்டித் தந்தவர் லீலண்ட் நிக்கர்பாக்கர் என்ற ஓவியர். மூக்கு முழுவதும் சிவப்பு. அந்தச் சிவப்பு பக்கவாட்டில் வளைந்து பின்னோக்கி ஓடி, வெள்ளி நிறத்தில் முடியும். இரண்டுக்கும் நடுவே மஞ்சள், கறுப்புக் கோடுகள். பக்கத்திலிருந்து பார்த்தால், இறகுக் கிரீடம் அணிந்த பூர்வகுடித் தலைவர் காற்றை எதிர்த்து ஓடுவதுபோல் தெரியும். அதனால் 'வார்பானெட்', அதாவது போர்க் கிரீடம், என்று பெயர். மூக்கின் நடுவே சிலுவைக் குறியுடன் 'சாண்டா ஃபே' என்ற பெயர்ச் சின்னம். நிக்கர்பாக்கர் 1939-இல் இறந்துவிட்டார். அவர் கொடுத்த வண்ணம் அவரைத் தாண்டி வாழ்ந்தது.

எல்லா எஞ்சினுக்கும் இந்த அலங்காரம் கிடைக்கவில்லை. 1940-இன் கடைசியில் வரத் தொடங்கிய எஃப்.டி. சரக்கு எஞ்சின்களுக்குக் கருநீலமும் மஞ்சளும்தான். மூக்கில் வளைந்த மஞ்சள் கோடுகளை ரயில் ரசிகர்கள் 'பூனை மீசை' என்பார்கள். நான்கு அலகுகள் சேர்ந்தால் 5,400 குதிரைத்திறன். இரண்டாம் உலகப் போரில் பாலைவனப் பாதையைக் காப்பாற்றியவை இவைதான். சாண்டா ஃபேயிடம் 320 அலகுகள் இருந்தன. வேறெந்த ரயில்வேயிடமும் அத்தனை இல்லை. யார்டில் பெட்டி தள்ளும் எஞ்சின்களோ கறுப்பு. ஆட்கள் தூரத்திலிருந்தே கவனிக்கட்டும் என்று பின்னாளில் அவற்றின் முனைகளில் வரிக்குதிரைக் கோடுகள் போட்டார்கள். பயணியைக் கவரச் சிவப்பு, சுமை இழுக்க நீலம், எடுபிடி வேலைக்குக் கறுப்பு. அங்கும் ஒரு வரிசை இருந்திருக்கிறது, பாருங்கள்!

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இனிமேல்தான்.

அந்த இறகுக் கிரீடம் யாருடையது? லகோட்டா, செயென் போன்ற சமவெளி மக்களுடையது. சாண்டா ஃபே பெருமையாக விளம்பரப்படுத்திய தென்மேற்கில் வாழ்ந்தவர்கள் பியூப்லோ, ஹோப்பி, நவாஹோ மக்கள். அவர்களின் மரபு வேறு. ரயில் பெட்டிகளுக்கு லகுனா, அகோமா, தாவோஸ், நவாஹோ என்று அவர்களின் பெயர். எஞ்சினின் தலையில் இன்னொருவர் கிரீடம். ஓவியர் கண்ணுக்கு எல்லாம் 'இந்தியர்'தான்.

அந்த லகுனா மக்களின் நிலத்தின் வழியாகத்தான் 1880-இல் தண்டவாளம் போனது. அதற்கு ஈடாகத் தங்கள் ஆட்களுக்கு ரயில்வேயில் வேலை வேண்டும் என்று வாய்மொழியாக ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆண்டுதோறும் சந்தித்து அதைப் புதுப்பித்தார்கள். அதை அவர்கள் 'பூவுக்கு நீர் ஊற்றுவது' என்று சொன்னார்கள். எவ்வளவு அழகான சொல்! கலிபோர்னியாவின் ரிச்மண்டில், பழைய சரக்குப் பெட்டிகளையே வீடாக்கிக்கொண்டு அவர்கள் குடும்பங்கள் பல காலம் வாழ்ந்தன. சூப்பர் சீஃபில் 'லகுனா' என்று எழுதிய பெட்டியில் ஹாலிவுட் நட்சத்திரங்கள் படுத்துத் தூங்கினார்கள். உண்மையான லகுனாக்காரர் பணிமனையில் எஞ்சினுக்கு எண்ணெய் போட்டார்.

1971-இல் பயணிகள் ரயில்கள் ஆம்ட்ராக் கைக்குப் போயின. சிவப்பும் மெல்ல மறைந்தது. 1989-இல் வேகச் சரக்கு ரயில்களுக்காக அதை மீண்டும் கொண்டுவந்தார்கள். 1995-இல் பர்லிங்டன் நார்தர்னுடன் இணைப்பு நடந்து, பின்னர் ஆரஞ்சு நிறம் வந்தது.

அமெரிக்காவில் இருக்கும் என் பிள்ளைகளே, அருங்காட்சியகத்தில் அந்தச் சிவப்பு மூக்கைப் பார்த்தால் தாராளமாகப் படம் எடுங்கள். அழகுதான், மறுக்கவில்லை. கூட நிற்கும் உங்கள் குழந்தைக்கு லகுனா மக்களின் பூவைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லுங்கள். ஓவியரின் பெயர் ஏட்டில் இருக்கிறது. எண்ணெய் போட்டவர்களின் பெயரை நாம்தான் பேசி வைத்திருக்க வேண்டும்.